துருவாவின் தொண்டை

மயிலாப்பூர் ஸ்ரீ ஸ்வராபிவிருத்தி சபாவில் எந்தத் தீர்மானமும் ஒரே கூட்டத்தில் நிறைவேறியதாகச் சரித்திரம் இல்லை. கேன்டீனில் ரசவடை போடலாமா என்ற தீர்மானமே பதினோரு மாதம் விவாதிக்கப்பட்டு, தலைவருக்கு வாயுத் தொந்தரவு என்ற காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது. அப்பேர்ப்பட்ட சபா, கம்ப்யூட்டர் பொம்மைகளைப் பாடகர்களாக வைத்து ஓர் இசைக்குழு தொடங்கும் தீர்மானத்தை மட்டும் காபி வருவதற்குள் ஏகமனதாக நிறைவேற்றியது.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் செயலாளர் பாண்டுரங்கன். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுவிட்ட செய்தியை அவரிடம் யாரும் இன்னும் பக்குவமாக எடுத்துச் சொல்லவில்லை.

"போன ஸீஸன்ல மேடையில அஞ்சு பேர், கீழே நாலு பேர்" என்று அவர் பேசினார். "அந்த நாலுலயும் ரெண்டு பேர் கேன்டீன் எப்போ திறக்கும்னு காத்துண்டிருந்தவா. இளைஞர்கள் வரணும்னா பொம்மைதான் வழி. பொம்மை அடுத்த சபாவுக்குப் போறேன்னு சொல்லாது. எனக்கு ஏன் சாயங்கால ஸ்லாட் இல்லைன்னு கோச்சுக்காது. நாம ஒரு மணி நேரம் பேசினாலும் பின்னாடி உட்கார்ந்து வாட்ச்சைப் பார்க்காது. எண்பத்தேழு வருஷமா நாம தேடிண்டிருந்த வித்வான் இவன்தான்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மூலையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்காரன் துரைராஜும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது தானும் தட்டிவிடுவது அவனுடைய பதினேழு வருஷ வழக்கம். தன் கழுத்தில் விழப்போகும் சுருக்குக்குத்தான் தட்டுகிறோம் என்று பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் இந்த வேலையெல்லாம் செய்கிற புஷ்ரா என்ற பெண் நான்கு பொம்மைகளை வரைந்து கொடுத்தாள். பாடகன் துருவா. வீணைபோல ஒன்றை வைத்துக்கொண்டு குதிக்கும் தாரா. வயலின் வாசிக்கும் மயில். டிரம் அடிக்கும் ஆமை. 'மின்மினி நால்வர்' என்று பெயர். ஆமைக்கும் மயிலுக்கும் யார் சீனியர் என்ற கேள்வியை உபகமிட்டி மூன்றே அமர்வில் தீர்த்தது. துருவாவின் நெற்றிதான் படுத்திவிட்டது. விபூதியா, நாமமா? நாமம் என்றால் எந்த நாமம்? நான்கு மாதம் ஓடியது, இரண்டு ராஜினாமாக்கள் வந்தன, இரண்டும் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் புஷ்ரா யாரையும் கேட்காமல் துருவாவின் நீலமுடியை நெற்றிமேல் இழுத்துவிட்டாள். பிற்பாடு காலேஜ் பெண்கள் அந்த முடியழகில் சொக்கிப்போனார்கள். அது ஒரு சமாதான உடன்படிக்கை என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

நெற்றிச் சண்டையில் குரலை மறந்துவிட்டார்கள்.

வித்வான் ஒருவரைப் பாடவைப்பதாகத்தான் ஏற்பாடு. அவரைப் பேசி முடித்துவிட்டதாகக் குரல் உபகமிட்டி நினைத்தது. குரல் உபகமிட்டி முடித்திருக்கும் என்று செயற்குழு நினைத்தது. பொம்மையின் வாயசைவைச் சரிபார்க்க ஏதாவது ஒரு குரல் வேண்டும் என்று புஷ்ரா கேட்டபோது, மேடையில் மைக் சோதித்துக்கொண்டிருந்த துரைராஜ்தான் அகப்பட்டான். மற்றவர்கள் 'ஹலோ, ஒன், டூ' என்பார்கள். அவன் கானா பாடித்தான் மைக் பார்ப்பான். மேலும் கீழும் போய்வர அதைவிட நல்ல சோதனை இல்லை என்பது அவன் தொழில்நுட்பம். 'மந்தவெளி பஸ் ஸ்டாண்டுல மனச தொலச்சேன், கண்டக்டரு கேட்டாரு, சில்லற கீதா?' என்று அவன் பாடியதைப் புஷ்ரா பதிந்துகொண்டு, 'தற்காலிகம்' என்று பெயர் வைத்தாள். தொடக்க விழா அன்று சபாவின் கையில் இருந்தது அந்தத் தற்காலிகம் மட்டும்தான். உலகத்துக்குப் போனதும் அதுதான்.

ஒரு வாரத்தில் தி.நகர் பிளாட்பாரத்தில் நீலமுடி விற்றார்கள். அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாற்பது ஆமைகள் ஆடின. சபா அரங்கில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் நின்றார்கள். தலைவர் கண்கலங்கிவிட்டார்.

பாண்டுரங்கன் துரைராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"துரை, உன்னை நாங்க குறைவா நினைக்கலை" என்று தொடங்கினார். இப்படித் தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. "ஆனா எண்பத்தேழு வருஷப் பாரம்பரியம் உள்ள சபையோட குரல் மைக்காரனோடதுன்னு வெளியில தெரிஞ்சா, பாரம்பரியத்துக்கு நன்னாவா இருக்கும்? கம்ப்யூட்டர் பாடறதுன்னு பத்திரிகையில சொல்லிட்டோம். இனிமே அந்தக் குரல் வேற எங்கயும் கேட்கப்படாது. கையெழுத்துப் போடு. பின்கட்டுல நீ இருக்கற ரூம் உனக்குத்தான். போடலைன்னா, பழைய ஹார்மோனியங்களை வைக்க எங்களுக்கும் இடம் வேணுமோல்லியோ?"

துரைராஜ் பட்டினப்பாக்கத்தில் பிறந்தவன். ஆற்றங்கரையில் அவன் குடியிருந்த வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால் எட்டாவது மாடியில் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து வேலைக்கு வரவும் முடியவில்லை, மகளின் பள்ளிக்கூடத்தை விடவும் முடியவில்லை. அந்தப் பின்கட்டு அறைதான் குடும்பத்தைச் சேர்த்து வைத்திருந்தது. அவன் மனைவி முத்தம்மாவுக்கு வேலையும் சபா கேன்டீனில்தான்.

ஒப்பந்தத்தின் நான்காம் ஷரத்து இப்படி இருந்தது: 'மேற்படி குரல் சபாவுக்குச் சொந்தமானது, அது தற்சமயம் மேற்படி துரைராஜின் தொண்டையில் வைக்கப்பட்டுள்ளது.'

"சார், ஒரே ஒரு பாட்டு மட்டும் உடுங்க" என்றான் துரைராஜ். "லாரன்சுக்கு."

லாரன்ஸ் அவனுடைய கூட்டாளி. கடலுக்குப் போகிறவன். இருபது வருஷம் இருவரும் சாவு வீடுகளில் கானா பாடியவர்கள். துரைராஜ் பாட்டு, லாரன்ஸ் டோலக். செத்தவன் பேரைச் சொல்லி, அவன் செய்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் பாட்டில் வைத்து, அழுகிறவர்களைச் சிரிக்கவைத்து, சிரிக்கிறவர்களை அழவைத்து அனுப்புவது அந்தப் பக்கத்து முறை. பேர் சொல்லிப் பாடாத சாவை அங்கே யாரும் சாவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. யார் முந்திக்கொண்டாலும் மற்றவன் பாடவேண்டும் என்று இருவரும் என்றோ பேசிவைத்திருந்தார்கள். இப்போது லாரன்சுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது.

"அதுக்கென்ன" என்றார் பாண்டுரங்கன் தாராளமாக. "விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் கொடு. அதுக்குன்னே ஒரு ஃபாரம் இருக்கு."

துரைராஜ் கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து அவன் வெளியே வாயைத் திறக்கக்கூடாது என்று ஆயிற்று. கதிரேசன் என்ற அலுவலக உதவியாளரைக் குரல் கண்காணிப்பாளராக நியமித்து, கையில் ஒரு நோட்டும் கொடுத்தார்கள். பஸ்ஸில் டிக்கெட் வாங்கவேண்டுமானால் விரலைக் காட்டவேண்டும். மீன்காரியிடம் பேரம் பேச மூன்று நாள் முன்னதாக அனுமதி பெறவேண்டும். மீன் அதுவரை காத்திருக்குமா என்ற கேள்வி உபகமிட்டிக்கு அனுப்பப்பட்டது. ஒருநாள் மந்தைவெளி மார்க்கெட்டில் துரைராஜ் பலமாகத் தும்மிவிட்டான். இது குரலில் சேருமா என்று கதிரேசன் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டான். முதல் இரண்டு தும்மலுக்கு விலக்கு என்று பதில் வந்தது.

"ஊமையனுக்கா வாக்கப்பட்டேன்?" என்று முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வூட்டுக்குள்ளயாச்சும் பேசேன்யா."

அறையின் சுவர் அரங்கத்துச் சுவர். அதற்குள்ளும் மெதுவாகத்தான் பேசமுடியும்.

துருவாவின் நேரடி நிகழ்ச்சிகள் தொடங்கின. மேடைக்கு அடியில் மரப்பலகை அடித்த ஒரு கூண்டு. காற்று கிடையாது. துரைராஜ் அதற்குள் பனியனோடு உட்கார்ந்து பாடுவான். தலைக்குமேல் பெரிய திரையில் நீலமுடிக்காரன் வாயசைப்பான். பலகைக்கு அப்பால் ஆயிரம் பேர் காலால் தாளம் போடுவதைக் கேட்டுக்கொண்டே அவன் பாடினான். அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷத்தை நினைத்து வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

ஒரு நிகழ்ச்சியில் கைதட்டல் தாங்கமுடியாமல் "இன்னா நைனா, நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டான். அரங்கம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. செயற்குழு அவசரமாகக் கூடியது. சபை மேடையில் பாட்டுக்கு வெளியே 'கீதா' என்று கேட்கப்பட்டது இதுவே முதல்முறை என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. அதன் பயனாக வந்ததுதான் மரியாதை மென்பொருள். அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்களைச் சபா அனுமதித்தது. அதில் இல்லாத சொல்லை துரைராஜ் பாடினால், துருவா வாயை மூடிப் புன்னகை செய்வான். மயில் அந்த இடத்தில் வயலினில் ஒரு சிறு இழுப்பு இழுக்கும்.

"எனக்கே அசிங்கமா இருக்குண்ணா" என்றாள் புஷ்ரா, அதைப் பொருத்திவிட்டு. "சொன்னதைச் செய்யலன்னா வேற ஆளப் போடுவாங்க."

துரைராஜ் தலையாட்டினான். முதலில் அவனும் மல்லுக்கட்டிப் பார்த்தான். சொல்லும் வயலினும் முட்டிக்கொண்டு தாளம் கெட்டது. பிறகு, பட்டியலில் இல்லாத சொல் வரும் இடத்தில் அவனே மூச்சை நிறுத்தி வயலினுக்கு வழிவிடக் கற்றுக்கொண்டான். வயிற்றுப்பாடு எதைத்தான் கற்றுக்கொடுக்காது?

மார்கழியில் துருவாவுக்கு 'கான சக்ரவர்த்தி' பட்டம் கொடுத்தார்கள். பெறுபவரின் பிறந்த தேதி, குருவின் பெயர், தற்போதைய முகவரி என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்ததை கமிட்டியே கூடி நிரப்பியது. தலைவர் திரைக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார்.

"இதுவரைக்கும் இந்தப் பட்டத்தை அறுபத்திரண்டு மனுஷர்களுக்குக் கொடுத்திருக்கோம். அவர்கள்ல பாதிப்பேரை நான் கேட்டதில்லை. மீதிப்பேர் பாடும்போது தூங்கியிருக்கேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? இன்னிக்குத்தான் முழுக்க முழிச்சிண்டிருந்தேன். கலைஞன்னா இப்படி இருக்கணும். பசிக்காது, வேர்க்காது, எதிர்த்துப் பேசாது. மனுஷத் தன்மையே இல்லாத இந்த மகத்தான கலைஞனை..."

மேற்கொண்டு கைதட்டலில் கேட்கவில்லை. கூண்டுக்குள் துரைராஜ் துண்டைப் பிழிந்தான். அதில் அரை டம்ளர் வேர்வை வந்தது.

மறுநாள் அவன் லாரன்ஸைப் பார்க்கப் போனான். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீட்டில், கடல் பக்கத்து ஜன்னலோரமாக லாரன்ஸ் படுத்திருந்தான். கால் வீங்கிப் பளபளத்தது. அவன் மனைவி டயானா மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கதிரேசன் வாசலில் நோட்டோடு நின்றான்.

"வா கான சக்ரவர்த்தி" என்றான் லாரன்ஸ். "ஊர்ல எல்லாத்துக்கும் தெரியும்டா அது உன் கொரலுன்னு. சபாக்காரனுக்கு மட்டும்தான் ரகசியம்."

துரைராஜ் சிரித்தான். சத்தம் வராமல் சிரித்தான்.

"எனுக்கு நாள் கிட்ட வந்துக்கினு கீது மச்சி. பாடுவல்ல? பேர நல்லா இழுத்துப் பாடணும். லாரன்ஸேய்னு. அக்கரை வரைக்கும் கேக்கணும்."

துரைராஜ் அவன் கையைப் பிடித்து அழுத்தினான். கதிரேசன் வேறு பக்கம் பார்த்தான். அவன் எழுதவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அந்த அளவுக்கு அவன் நல்லவன்.

அன்றே துரைராஜ் விதிவிலக்கு விண்ணப்பம் கொடுத்தான். 'நிகழ்ச்சி இன்னும் நிகழவில்லை. இறப்புச் சான்றிதழ் இணைக்கவும்' என்று திரும்பி வந்தது. 

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் லாரன்ஸ் போய்விட்டான். ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு துரைராஜ் ஒன்பது மணிக்கெல்லாம் செயலாளர் வீட்டு வாசலில் நின்றான். ஒப்பந்தம், நோட்டு எதுவும் அவன் நினைவில் இல்லை. "சார், சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறாங்க சார். ஒரு மணி நேரம் உட்ருங்க. கையெடுத்துக் கும்பிடறேன்" என்று தெருவே கேட்கும்படி அழுதான்.

பாண்டுரங்கன் பதறிப்போனார். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஈரமுள்ளவர், ஆனால் அந்த ஈரமும் கமிட்டி வழியாகத்தான் வெளியே வரும். போனிலேயே அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். ஒரு மணிநேரத்தில் அவனைக் கூப்பிட்டுப் பெருமிதத்தோடு சொன்னார்.

"துரை, நீ கேட்டதைவிடப் பெரிசாவே பண்ணியிருக்கோம். நீ பாட வேண்டாம். துருவாவே நேர்ல வந்து அஞ்சலி செலுத்துவான்! எல்.ஈ.டி. வேன் அனுப்பறோம். மக்களை நோக்கி சபான்னு இது நம்ம புதுத் திட்டத்துல முதல் நிகழ்ச்சி. எங்காத்துல இதைக் கேட்டுட்டு அழுதே விட்டா."

"நான் சார்?"

"நீ வேனுக்குள்ள இருப்பே, நாலு மணி வரைக்கும் பர்மிஷன். பாட்டை எழுதிக் கொடு, பார்த்துத் தரோம்."

பாட்டு பதினொன்றரைக்குத் திருத்தி வந்தது. 'போட்டு கரையில கீது, புடிச்சித் தள்ள ஆளில்ல, லாரன்ஸேய்' என்று அவன் எழுதியிருந்தான். 'படகு கரையில் உள்ளது, பிடித்துத் தள்ள ஆளில்லை, அன்னாரே' என்று ஆகியிருந்தது. சாராயம் வரும் இடத்தில் இளநீர் வந்திருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இறந்தவரின் பெயர் அனுமதிக்கப்பட்ட சொற்பட்டியலில் இல்லை. சேர்ப்பதானால் பொதுக்குழு கூடவேண்டும். மேலும், பெயர் இல்லாதிருந்தால் இப்பாடல் பிற இறப்புகளுக்கும் பயன்படும்.'

இரண்டு மணிக்கு வேன் பட்டினப்பாக்கம் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருப்பவனை யாரும் பார்க்கக்கூடாது என்பதால் கதவைக் கதிரேசன் வெளியிலிருந்து பூட்டினான். தகரப் பெட்டிக்குள் ஒரு மைக், ஒரு சின்ன விளக்கு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. வெளியே கேட்பது எதுவோ அதுதான் அந்தக் கருவியிலும் கேட்கும். இருபது அடி தூரத்தில் அவன் கூட்டாளி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். துரைராஜால் முகம் பார்க்க முடியவில்லை.

முன்னதாகப் பாண்டுரங்கன் மைக் பிடித்துச் சபாவின் வரலாற்றை நாற்பது நிமிஷம் எடுத்துச் சொன்னார். 'மறைந்த அன்பர்' என்று இரண்டு முறை குறிப்பிட்டார். பிறகு திரையில் நீலமுடிக்காரன் தோன்றிக் கும்பிட்டான்.

துரைராஜ் பாட ஆரம்பித்தான். படகு கரையில் உள்ளது. பிடித்துத் தள்ள ஆளில்லை. 'அன்னாரே' என்று மட்டும் அவன் சொல்லமாட்டான். அது தாயாணையாக முடியாது. தொண்டை கிழிய "லாரன்ஸேய்!" என்று கத்தினான். காதுக் கருவியில் வயலின் இழுத்தது. மறுபடி கத்தினான். மறுபடி வயலின். கருவியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவை இடித்தான். வெளியே பறையும் பாண்டும் சேர்ந்துகொண்டன. யாருக்கும் கேட்கவில்லை. திரையில் துருவா அழகாகப் புன்னகைத்துக்கொண்டிருந்திருப்பான்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். சந்துக்குள் வேன் போகாது என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். சாவி வைத்திருந்த கதிரேசன் பாண்டுரங்கனைக் காரில் ஏற்றிவிட்டு, ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு, தப்பி வந்து பூட்டைத் திறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. துரைராஜ் அவனைத் தள்ளிவிட்டு ஓடினான்.

மந்தைவெளிப் பக்கத்துக் கல்லறையில் மண் தள்ளி முடித்திருந்தார்கள். சர்ச் சாமியார் போய்விட்டார். டயானாவும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டயானா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் கேட்டேன் துர" என்றாள். "உன் கொரலு தெரியாதா எனுக்கு? பேரு வர்ற எடத்துல மட்டும் பிடிலு வாசிச்ச. எத்தினி வாட்டி! அவரு பேரு உனுக்கு மறந்துபூட்ச்சா?"

துரைராஜ் மண்ணருகே மண்டிபோட்டான். பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற கதிரேசன், "துரை, பர்மிஷன் நாலு மணியோட முடிஞ்சுது" என்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

துரைராஜ் பாடினான். கையால் தரையில் தட்டிக்கொண்டு, மைக் இல்லாமல், கூண்டு இல்லாமல் பாடினான். 'போட்டு கரையில கீது' என்றுதான் பாட நினைத்தான். 'படகு கரையில் உள்ளது' என்று வந்தது. பிடித்துத் தள்ள ஆளில்லை. அடுத்தது பேர். வாயைத் திறந்தான். தொண்டை தானாக நின்றது. மூச்சு நின்றது, தட்டிய கை நின்றது. வயலின் வந்து போவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றது. இங்கே வயலின் இல்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திறந்த வாய் திறந்தபடி இருந்தது.

டயானா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ.

"லாரன்ஸேய்" என்றாள்.

துரைராஜ் அடுத்த அடியைப் பாடினான். மறுபடி அந்த இடத்தில் நின்றான். இந்த முறை அவளோடு இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள். அடுத்த அடிக்கு எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வோர் அடியிலும் அவன் நிற்பதும் அவர்கள் அந்தப் பேரை இழுத்துச் சொல்வதுமாகப் பாட்டு முடிகிறவரை நடந்தது.

கதிரேசன் நோட்டைத் திறந்தான். நேரம் என்ற இடத்தில் மூன்று ஐம்பத்தைந்து என்று போட்டான். கீழே, பட்டியலில் இல்லாத சொல் எதையும் மேற்படி குரல் பாடவில்லை என்று எழுதினான். அது உண்மைதான்.